பாதியில் நிற்கும் தண்டவாளம்: சின்சினாட்டி நகரத்தின் நூறாண்டுப் போக்குவரத்துச் சண்டை

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் உள்ள சின்சினாட்டி நகரை ஐ-75 நெடுஞ்சாலை வழியாகக் கடப்பவர்கள், வெஸ்டர்ன் ஹில்ஸ் மேம்பாலத்தை நெருங்கும்போது சாலையோர மேட்டில் கான்கிரீட் வாய்கள் அடைத்துக் கிடப்பதைப் பார்க்கலாம். தினமும் அந்த வழியில் போகிறவர்களில் பலருக்கு அது என்னவென்று தெரியாது. அவை ஒரு சுரங்க ரயில் பாதையின் வாசல்கள். உள்ளே மூன்று கிலோமீட்டருக்கும் மேல் சுரங்கம் இருக்கிறது. நடைமேடைகள் கட்டப்பட்ட நிலையங்களும் இருக்கின்றன. நூறு வருடமாகியும் ஒரு பயணிகூட அதில் ஏறியதில்லை, ஏனென்றால் தண்டவாளமே போடவில்லை.

சின்சினாட்டி பெரிய நகரமல்ல. 1950 கணக்கெடுப்பில் 5,03,998 பேர் இருந்த ஊர், 2010ல் 2,96,945 பேராகச் சுருங்கியது. 2020ல் கொஞ்சம் ஏறி 3,09,317 ஆனது. இப்படிப்பட்ட நடுத்தர ஊர்கள் அமெரிக்காவில் நிறைய உண்டு. பொதுப் போக்குவரத்துக்குப் பணம் ஒதுக்கலாமா, யாருக்காக ஒதுக்குவது, அதனால் ஊர் வளருமா என்ற வாக்குவாதம் எல்லா ஊரிலும்தான் நடக்கிறது. சின்சினாட்டியை எடுத்து எழுதக் காரணம், இங்கே அந்த வாக்குவாதத்தின் ஒவ்வொரு கட்டமும் கண்ணுக்குத் தெரியும்படி மண்ணில் பதிந்திருக்கிறது. அதைப் பின்தொடர்ந்து போனால் ஒரு விஷயம் திரும்பத் திரும்பக் கையில் படுகிறது. ஒரு வேலையைப் பாதியில் நிறுத்தினால் நட்டம் அந்த வேலையோடு முடிவதில்லை. நின்றுபோன பாதி, அடுத்து வரும் முழு வேலைக்கு எதிரான சாட்சியாகக் கூண்டில் ஏறி நிற்கிறது.

கால்வாய்க்குள் ரயில்

நகரின் நடுவே மயாமி-ஈரி கால்வாய் ஓடியது. 1825ல் வெட்டத் தொடங்கியது. அதன் வடகரையில் ஜெர்மானியக் குடியேறிகள் நெருக்கமாகக் குடியிருந்தார்கள். கால்வாயை ரைன் நதி என்று அழைத்துப் பழகியதால், அதைத் தாண்டி இருக்கும் அந்தப் பகுதிக்கு ஓவர்-த-ரைன் என்றே பெயர் நிலைத்தது. பின்னால் நாம் பார்க்கப்போகும் டிராம் சண்டையின் களமும் இதே இடம்தான்.

ரயில் வந்த பிறகு கால்வாய்க்கு வேலையில்லை. தேங்கிய நீர், கொசு, நாற்றம். அதை வற்றவைத்து, அந்தப் பள்ளத்திலேயே சுரங்க ரயிலைக் கட்டி, மேலே அகலமான சாலை போட்டுவிடலாம் என்று நகரம் யோசித்தது. நல்ல யோசனைதான். புதிதாக நிலம் வாங்க வேண்டாம், ஆழமாகத் தோண்டவும் வேண்டாம். 26 கிலோமீட்டர் நீளத்துக்கு ஊரைச் சுற்றி ஒரு வளையம். 1916ல் 60 லட்சம் டாலர் கடன் பத்திரத்துக்கு மக்கள் பெரும் ஆதரவோடு வாக்களித்தார்கள்.

அடுத்த வருடமே அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியது. போருக்குச் சம்பந்தமில்லாத பத்திரங்களை வெளியிட முடியாமல் போனது. 1920 ஜனவரியில் வேலை தொடங்கியபோது சிமெண்ட், இரும்பு, கூலி எல்லாம் எகிறிவிட்டன. போருக்கு முன் போட்ட மதிப்பீட்டைக் கையில் வைத்துக்கொண்டு போருக்குப் பிந்தைய விலையில் கட்டினார்கள். 1927ல் பணம் தீர்ந்தது. சுரங்கம், பாலங்கள், சமன்படுத்திய மண் பாதை என எல்லாம் சேர்ந்து சுமார் 11 கிலோமீட்டர் ஆகியிருந்தது. ரயில் பெட்டி வாங்கவில்லை, தண்டவாளம் வாங்கவில்லை.

அதற்குள் நகரத்தின் அரசியலும் மாறிவிட்டது. பழைய கட்சி இயந்திரத்தை வீழ்த்தி வந்த சீர்திருத்தக்காரர்களில் ஒருவரான மரே சீசன்குட் 1926ல் மேயரானார். சுரங்க ரயில் அவர் பார்வையில் பழைய ஆட்சி விட்டுப்போன சுமை. 1928ல் சுரங்கத்தின் மேலே சென்ட்ரல் பார்க்வே சாலை திறக்கப்பட்டது. கார்கள் மேலே ஓடின, கீழே இருட்டு.

கடனை வட்டியோடு அடைத்து முடித்தது 1966ல். மொத்தம் சுமார் 1 கோடியே 30 லட்சம் டாலர். ஓடாத ரயிலுக்கு மூன்று தலைமுறை தவணை கட்டியது. இடையில் 1950களில் சுரங்கத்துக்குள் பெரிய குடிநீர்க் குழாய் ஒன்றைப் போட்டார்கள். லிபர்ட்டி தெரு நிலையத்தை அணுகுண்டுப் பாதுகாப்பிடமாக மாற்றினார்கள். 2008ல் நகரம் போட்ட மதிப்பீட்டின்படி, சுரங்கத்தை அப்படியே பராமரிக்க 26 லட்சம் டாலர், மண் போட்டு மூட 1 கோடியே 90 லட்சம், ரயில் ஓட்டத் தயார் செய்ய 10 கோடிக்கு மேல். எனவே பராமரிக்கிறார்கள். மேலே சாலை இருக்கிறதே, கூரை இறங்கிவிடக் கூடாது.

எண் பலகை

இந்த ஊரின் போக்குவரத்து விவாதத்தில் கறுப்பின மக்களில் ஒரு பகுதியினர் ஏன் ரயிலுக்கு எதிர்ப்பக்கம் நின்றார்கள் என்பது வெளியூர்க்காரர்களுக்குப் புரிவதில்லை. அதைப் புரிந்துகொள்ள வெஸ்ட் எண்ட் பகுதிக்குப் போக வேண்டும்.

1948ல் நகரம் ஒரு பெருந்திட்டம் வகுத்தது. ஆற்றங்கரையையும் மில் கிரீக் பள்ளத்தாக்கையும் ஒட்டி விரைவுச் சாலைகள் வரும், பழைய நெரிசலான குடியிருப்புகளை இடித்துத் தொழிற்பேட்டை அமைக்கப்படும் என்றது அந்தத் திட்டம். வெஸ்ட் எண்டின் கீழ்ப் பகுதிக்குக் கென்யன்-பார் என்று பெயர் வைத்தார்கள். அங்கே வாழ்ந்தவர்கள் சுமார் 25,700 பேர், கிட்டத்தட்ட எல்லோரும் கறுப்பினத்தவர்கள். 1950களின் கடைசியில் இடிப்பதற்கு முன், ஒவ்வொரு கட்டடத்தையும் நகர நிர்வாகம் படம் எடுத்தது. அந்தப் படங்கள் இன்றும் இருக்கின்றன. ஒருவர் கையில் எண் எழுதிய பலகையைப் பிடித்துக்கொண்டு வாசலருகே நிற்கிறார். அவருக்குப் பின்னால் ஒரு வீடு, ஒரு மளிகைக் கடை, ஒரு முடிதிருத்தும் நிலையம், ஒரு தேவாலயம். சில படங்களில் வீட்டுக்காரர்களும் குழந்தைகளும் தெரிகிறார்கள். எண் வீட்டுக்குத்தான், ஆட்களுக்கு இல்லை. அவர்கள் எங்கே போனார்கள் என்ற பதிவு அந்த எண்ணோடு சேர்ந்து வரவில்லை.

பலர் ஆவண்டேல், வால்நட் ஹில்ஸ், எவன்ஸ்டன் போன்ற மேட்டுப் பகுதிகளுக்குப் போனார்கள். சுமார் 2,800 கட்டடங்கள் நின்ற இடத்தில் குவீன்ஸ்கேட் என்ற கிடங்குப் பகுதியும் ஐ-75 நெடுஞ்சாலையும் வந்தன. பழைய சுரங்க ரயிலுக்காகச் சமன்படுத்தி வைத்த மண் பாதையின் வடபகுதியும் அதே நெடுஞ்சாலைக்குள் போனது. ரயிலுக்கு என்று மக்கள் கடன் வாங்கித் தயார்செய்த வழியில் கார்கள் ஓடின. இடிப்புக்காக நகரம் 2023ல் முறைப்படி மன்னிப்புக் கேட்டது. அறுபது வருடங்களுக்கு மேல் ஆகியிருந்தது.

அதனால், நகர மையத்தில் பெரிய திட்டம் வருகிறது, எல்லோருக்கும் நல்லது என்று யாராவது மேடையில் சொன்னால், இந்தக் குடும்பங்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது எண் பலகைதான். இதைப் பிற்போக்குத்தனம் என்று ஒதுக்கிய ரயில் ஆதரவாளர்கள் தங்களுக்கே கெடுதல் செய்துகொண்டார்கள் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

அரை சென்ட்

பழைய டிராம்கள் 1951ல் நின்றன. தனியார் பஸ் நிறுவனம் நட்டத்தில் தள்ளாட, 1972ல் நகர வாக்காளர்கள் சம்பள வருமானத்தின் மேல் 0.3 சதவீத வரிக்குச் சம்மதித்தார்கள். அந்தப் பணத்தில் 1973ல் பஸ் சேவை பொதுவுடைமையானது.

இந்த வரி விதிக்கப்பட்ட விதம் அடுத்த ஐம்பது வருட பஸ் வழித்தடங்களைத் தீர்மானித்தது. வரி நகர எல்லைக்குள் மட்டும். நகரம் அடங்கிய ஹாமில்டன் கவுண்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) புறநகர்கள் கொடுக்கவில்லை. யார் பணம் கொடுக்கிறார்களோ அவர்களைச் சுற்றித்தான் பஸ் ஓடும். எல்லா வழித்தடமும் நகர மையத்தில் உள்ள கவர்ன்மென்ட் ஸ்கொயர் நிறுத்தத்தை நோக்கியே வந்தன. ஆனால் வேலைகள் அதற்குள் ப்ளூ ஆஷ், ஷாரன்வில் போன்ற புறநகர்களுக்கு இடம்பெயர்ந்திருந்தன. கிழக்கே குடியிருந்து வடக்கே வேலைக்குப் போகிறவர் முதலில் தெற்கே இறங்கி, நகர மையத்தில் காத்து நின்று, மறுபடி ஏறிப் போக வேண்டும். காரில் இருபது நிமிடமாகும் தூரத்துக்கு பஸ்ஸில் அரை நாள் பிடிக்கும் என்று ஜனங்கள் சலித்துக்கொண்டதில் மிகை கொஞ்சம்தான்.

1996ல் இதே கவுண்டி வாக்காளர்கள், அமெரிக்கக் கால்பந்துக்கும் பேஸ்பாலுக்கும் இரண்டு அரங்கங்கள் கட்ட, ஒரு டாலர் விற்பனைக்கு அரை சென்ட் என்ற விற்பனை வரியைப் பெரும்பான்மையோடு ஏற்றார்கள். 2002ல் அதே அரை சென்ட், லைட் ரயில் (நகரத்துக்குள் ஓடும் இலகு ரக ரயில்), டிராம், பஸ் விரிவாக்கம் எல்லாம் அடங்கிய 260 கோடி டாலர் திட்டத்துக்காகக் கேட்கப்பட்டது. மூன்றில் இரண்டு பங்கு பேர் வேண்டாம் என்றார்கள். அரங்க வரிப் பணம் போதாமல் கவுண்டி ஏற்கெனவே திணறத் தொடங்கியிருந்தது, ஊர் 2001 ஏப்ரல் கலவரத்தின் காயத்திலிருந்து மீளவில்லை, காலமும் சரியில்லை. இருந்தாலும் பிரசாரத்தில் திரும்பத் திரும்ப வந்த பேச்சு இன்னொன்று: ஏற்கெனவே ஒரு சுரங்கம் சும்மா கிடக்கிறதே, அதைப் பாருங்கள்.

அடுத்த ஆண்டே ஆற்றங்கரையில், இரண்டாம் தெருவின் அடியில், ஒரு பெரிய பேருந்து முனையம் திறக்கப்பட்டது. மணிக்கு 500 பஸ்கள் வந்துபோகும் அளவுக்கு இடம். லைட் ரயில் வரும் என்ற நம்பிக்கையில் கட்டியது. ரயில் வரவில்லை. அந்த முனையம் பெரும்பாலும் விளையாட்டு நாட்களில் மட்டும் உயிர் பெறுகிறது. கூண்டில் இன்னொரு சாட்சி ஏறிக்கொண்டது.

டிராம்

இனி வருவதுதான் அமெரிக்கா முழுக்கப் பேசப்பட்ட கதை.

ஓவர்-த-ரைனில் 1900 வாக்கில் 40,000 பேருக்கு மேல் வாழ்ந்தார்கள். நூறு வருடம் கழித்து 8,000 பேர்கூட இல்லை. செங்கல்லில் கட்டிய இத்தாலிய பாணி வீடுகள், வளைவு ஜன்னல்கள், மரச் சிற்ப விளிம்புகள் கொண்ட கட்டடங்கள் வரிசை வரிசையாகக் காலியாகக் கிடந்தன. மீதமிருந்தவர்களில் பெரும்பாலோர் ஏழைக் கறுப்பினத்தவர்கள். 2001ல் 19 வயது டிமத்தி தாமஸ் போலீசாரால் சுடப்பட்டு இறந்ததும், அதைத் தொடர்ந்து அந்த ஏப்ரல் கலவரம் வெடித்ததும் இங்கேதான். 2003ல் பெருநிறுவனங்களின் ஆதரவோடு 3சிடிசி என்ற மேம்பாட்டு அமைப்பு உருவாகி, கட்டடம் கட்டடமாக வாங்கிப் புதுப்பிக்கத் தொடங்கியது.

2005ல் மேயரான மார்க் மல்லரி, நகரின் முதல் கறுப்பின நேரடித் தேர்வு மேயர், டிராமைக் கையில் எடுத்தார். முதல் வடிவம் இது: ஆற்றங்கரையில் தொடங்கி, நகர மையம் வழியாக, ஓவர்-த-ரைனின் ஃபின்ட்லே சந்தையைத் தொட்டு, வைன் தெரு மேட்டில் ஏறி, அப்டவுனுக்குப் போவது. அப்டவுன் என்றால் சின்சினாட்டி பல்கலைக்கழகமும் பெரிய மருத்துவமனைகளும் இருக்கும் மேட்டுப் பகுதி. வட்டாரத்தின் வேலைவாய்ப்பில் நகர மையத்துக்கு அடுத்த இடம் அதற்குத்தான். மாணவர்கள், செவிலியர்கள், துப்புரவுப் பணியாளர்கள், நோயாளிகள் எல்லோரும் தினம் ஏறி இறங்கும் மேடு. அந்த மேடு ஏறினால்தான் டிராமுக்குப் போக்குவரத்து என்ற பெயர் பொருந்தும்.

ஆனால் டிராமை விற்ற விதம் வேறு. பஸ் வழியை நாளைக்கே மாற்றிவிடலாம், தண்டவாளத்தை மாற்ற முடியாது, ஆகவே கட்டுமான முதலீட்டாளர்கள் நம்பி வருவார்கள், சொத்து மதிப்பு ஏறும் என்பதுதான் முதல் வாதம். பயணிகளைப் பற்றிய பேச்சு இரண்டாவதாகத்தான் வந்தது. இதைக் கேட்ட ஏழை வாடகைதாரர் என்ன நினைப்பார்? சொத்து மதிப்பு ஏறுவது அவருக்கு வாடகை ஏறுவது. மேம்பாட்டுக்காகப் பழைய விடுதிகளிலிருந்து குறைந்த வாடகைதாரர்கள் வெளியேற்றப்படுவதை அவர் கண்ணெதிரே பார்த்துக்கொண்டிருந்தார். 2009ல் வரி எதிர்ப்பு அமைப்பான கோஸ்ட்டும், கிறிஸ் ஸ்மிதர்மன் தலைமையிலிருந்த என்.ஏ.ஏ.சி.பி. என்ற கறுப்பின உரிமைச் சங்கத்தின் உள்ளூர்க் கிளையும் கைகோத்தன. வெள்ளைப் புறநகர் வலதுசாரிகளும் கறுப்பின உரிமைச் சங்கமும் ஒரே மனுவோடு வீடு வீடாகப் போனது பலருக்கு விநோதமாகப் பட்டது. எண் பலகைப் படங்களைப் பார்த்தவர்களுக்கு அதில் விநோதம் இருந்திருக்காது.

அந்த மனு நகர சாசனத் திருத்தமாக 2009 நவம்பரில் வாக்கெடுப்புக்கு வந்தது. பயணிகள் ரயிலுக்கு எந்தச் செலவு செய்தாலும் முதலில் மக்கள் வாக்குப் பெற வேண்டும் என்றது. தோற்றது. 2011ல் மறுபடி வந்தது. இந்தமுறை 2020 வரை டிராமுக்குச் செலவே கூடாது என்ற கடுமையான வடிவம். மயிரிழையில், 51 சதவீதம் சொச்சத்தில், அதுவும் தோற்றது. நகர வாக்காளர்கள் டிராமை இரண்டுமுறை காப்பாற்றினார்கள்.

அதே 2011ல் மாநிலத்தில் ஆட்சி மாறியிருந்தது. ஆளுநர் ஜான் கேசிக்கின் நிர்வாகம், ஒதுக்கியிருந்த 5 கோடியே 18 லட்சம் டாலரைத் திரும்ப எடுத்துக்கொண்டது. நகரம் வழியைச் சுருக்கியது. வெட்டிய இடம் வைன் தெரு மேட்டின் அடிவாரம். மீதமிருந்தது ஆற்றங்கரைக்கும் ஃபின்ட்லே சந்தைக்கும் இடையே 3.6 மைல் வளையம், சமதளத்தில். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தே போய்விடலாம். சுறுசுறுப்பான கால் என்றால் சுமார் அரை மணி நேரம்.

என் பார்வையில் இந்த வழக்கின் திருப்புமுனை இதுதான், அடுத்து வரப்போகும் 2013ன் நாடகம் அல்ல. மேடு ஏறாத டிராம் சுற்றுலா வண்டிதான் என்று எதிர்ப்பாளர்கள் சொன்னார்கள். உண்மை. ஆனால் மேட்டை வெட்டியது அவர்கள் பக்கத்து அரசியல். முதலில் காலை வெட்டிவிட்டு, பிறகு ஓடவில்லையே என்று கேட்பது எந்த ஊர் நியாயம்? ஆதரவாளர்களும் இங்கே பிழை செய்தார்கள். இது முதல் கட்டம், மேடு பிறகு வரும் என்று சமாதானம் சொல்லி, சுருங்கிய வடிவத்துக்கும் பழைய வாக்குறுதிகளையே சுமத்தினார்கள்.

2012ல் பூமி பூஜை போல மண்வெட்டி பிடித்தாகிவிட்டது. 2013 அக்டோபரில் எல்ம் தெருவில், மியூசிக் ஹால் என்ற பழைய செங்கல் இசை அரங்கத்தின் முன்னால், முதல் தண்டவாளங்கள் கான்கிரீட்டில் பதிந்தன. நவம்பரில் டிராமை நிறுத்துவேன் என்று சொல்லிப் போட்டியிட்ட ஜான் கிரான்லி மேயர் தேர்தலில் வென்றார். டிசம்பர் முதல் வாரத்தில் நகர மன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் வேலையை நிறுத்தி வைத்தது.

பெட்டிகள் ஆர்டர் கொடுத்தாகிவிட்டது. தெருவில் இரும்பு இறங்கத் தொடங்கிவிட்டது. வேலையைக் கைவிட்டால் சுமார் 4 கோடி டாலர் மத்திய மானியத்தையும் இழக்க வேண்டும். கெடு டிசம்பர் மூன்றாம் வாரம் வரைதான் என்று மத்திய போக்குவரத்து நிர்வாகம் அறிவித்தது. தணிக்கை நிறுவனத்தைக் கூப்பிட்டு, முடிக்க எவ்வளவு, கைவிட எவ்வளவு என்று கணக்குப் பார்த்தார்கள். குடிமக்கள் ஆயிரக்கணக்கில் கையெழுத்துத் திரட்டினார்கள். இயக்கச் செலவை யார் ஏற்பது என்ற கேள்வியில் பேச்சு முட்டி நின்றபோது, ஹெய்ல் அறக்கட்டளை முன்னின்று பத்து வருடத்துக்கு 90 லட்சம் டாலர் உறுதியளித்தது. டிசம்பர் 19ஆம் தேதி, கெடுவின் விளிம்பில், 6க்கு 3 என்று நகர மன்றம் மறுபடி தொடங்கச் சொன்னது. மேயரின் தடையாணை செல்லாத பெரும்பான்மை. டேவிட் மான், கெவின் ஃப்ளின் என்ற இருவர் பக்கம் மாறியதால் கிடைத்தது.

அவர்கள் மாறியது டிராமின் மேல் காதல் வந்து அல்ல. கைவிடுவதற்கும் பணம் ஆகும், கையில் எதுவும் மிஞ்சாது என்ற கணக்கு அவர்களை மாற்றியது. ஒரு சுரங்கத்துக்கு ஏற்கெனவே 1966 வரை தவணை கட்டிய ஊர் இது.

ஓடிய பிறகு

2016 செப்டம்பர் 9ஆம் தேதி டிராம் ஓடத் தொடங்கியது. ஐந்து பெட்டிகள், 18 நிறுத்தங்கள், மொத்தச் செலவு சுமார் 14.8 கோடி டாலர். முதல் வாரங்களின் கூட்டம் வடிந்த பிறகு பயணிகள் எண்ணிக்கை எதிர்பார்த்த அளவை எட்டவில்லை. டிக்கெட் இயந்திரங்கள் மக்கர் செய்தன. பெட்டிகள் பழுதாகின.

உள்ளே உட்கார்ந்து பார்த்தால் இன்னொரு காரணம் கண்ணில் படும். டிராமுக்கென்று தனிப் பாதை கிடையாது, கார்களோடு சேர்ந்துதான் ஓடுகிறது. வால்நட் தெருவில் பார்சல் கொண்டுவந்த ஒரு வேன், கோட்டைத் தாண்டி ஒரு சாண் வெளியே நிற்கிறது. காராக இருந்தால் லேசாக ஸ்டியரிங்கைத் திருப்பிக் கடந்துவிடும். டிராமால் முடியாது. ஓட்டுநர் மணி அடிக்கிறார். வேன்காரர் கட்டடத்துக்குள் லிஃப்டில் எங்கோ இருக்கிறார். பயணிகள் முதலில் கைபேசியைப் பார்க்கிறார்கள், பிறகு ஜன்னலைப் பார்க்கிறார்கள், பிறகு சிலர் இறங்கி நடக்கத் தொடங்குகிறார்கள். ஒவ்வொரு முச்சந்தியிலும் சிக்னலுக்கும் நிற்க வேண்டும். சிக்னலில் டிராமுக்கு முன்னுரிமை கொடுங்கள் என்று கேட்டவர்களுக்கு, கார்கள் தாமதமாகும் என்ற பதில் வருடக்கணக்கில் கிடைத்தது. கோடிக்கணக்கில் செலவழித்துப் போட்ட பாதையை ஒரு சாண் தவறாக நிற்கும் வேன் தோற்கடிக்கிறது.

2020 மார்ச்சில் தொற்றுக்காக நின்ற டிராம், செப்டம்பரில் திரும்பி வந்தபோது கட்டணம் இல்லை. அதற்கு முன்பும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு டாலர்தான். ஆனாலும் இலவசம் ஆனதும் டிக்கெட் இயந்திரத்தோடு போராடும் வேலை ஒழிந்தது. நின்றால் ஏறு, வேண்டிய இடத்தில் இறங்கு. 2023ல் ஆண்டுப் பயணங்கள் முதன்முறையாகப் பத்து லட்சத்தைத் தாண்டின. எதிர்த்தவர்களில் பலரே இப்போது இறுக்கமாகப் பேசுவதில்லை. மேடு ஏறும் நீட்டிப்பைப் பற்றிய பேச்சு மறுபடி எழுகிறது.

இதை வெற்றி என்று எழுதிவிடலாமா? எனக்குத் தயக்கம் இருக்கிறது. பத்து லட்சம் நல்ல எண்ணிக்கைதான். ஆனால் அதே ஊரில் பஸ்கள் வருடத்துக்கு ஒரு கோடிக்கு மேற்பட்ட பயணங்களைச் சுமந்துகொண்டிருந்தன. 2009 முதல் 2013 வரை நகரத்தின் போக்குவரத்துப் பேச்சு முழுவதும் 3.6 மைல் டிராமைச் சுற்றியே சுழன்றது. அந்த வருடங்களில் பஸ் வழித்தடங்கள் வெட்டப்பட்டன, கட்டணம் ஏறியது. அதற்காக நகர மன்ற வாசலில் தொலைக்காட்சி வண்டிகள் வரிசை கட்டவில்லை. ஆதரித்தவர்கள், எதிர்த்தவர்கள் இரு தரப்பிலும் முன்னால் நின்றவர்களில் பஸ்ஸை நம்பிப் பிழைப்பு நடத்துகிறவர்கள் குறைவு.

பஸ்ஸின் முறை

2020ல் கவுண்டி முழுவதும் 0.8 சதவீத விற்பனை வரி, 25 வருடங்களுக்கு, வாக்கெடுப்புக்கு வந்தது. மார்ச் தேர்தல் தொற்றால் தள்ளிப்போய், ஏப்ரல் இறுதியில் பெரும்பாலும் தபால் வாக்குகளால் முடிந்தது. ஒரு சதவீதத்துக்கும் குறைந்த வித்தியாசத்தில் வரி வென்றது. கவுண்டி அளவில் போக்குவரத்து வரி ஒன்று வென்றது இதுவே முதல்முறை.

எப்படி வென்றது என்பதில் பாடம் இருக்கிறது. ரயில் என்ற சொல்லே அதில் இல்லை. வருவாயில் நான்கில் ஒரு பங்கு, பஸ் ஓடும் சாலைகளுக்கும் பாலங்களுக்கும் என்று ஒதுக்கப்பட்டதால், புறநகர்ப் பஞ்சாயத்துகளுக்கும் கையில் ஏதோ கிடைத்தது. வணிக சபையும் பஸ் ஓட்டுநர் சங்கமும் ஒரே பக்கம் நின்றன. புறநகர்க் கிடங்குகளுக்கும் கடைகளுக்கும் ஆள் கிடைக்கவில்லை, வேலை தேடும் ஆளுக்கோ அங்கே போக பஸ் இல்லை என்று முதலாளிகளே சொன்னார்கள். நகரம் தன் 0.3 சதவீத வருமான வரியைக் கைவிட்டது. 1972ல் போட்ட முடிச்சு அவிழ்ந்தது.

அடுத்த வருடமே சில முக்கிய வழித்தடங்களில் 24 மணி நேரமும் பஸ் ஓடத் தொடங்கியது. இரவு ஷிப்ட் முடித்து வரும் மருத்துவமனை ஊழியருக்கு இதன் பொருள் தெரியும். முன்பெல்லாம் கடைசி பஸ் போய்விட்டால், பொழுது விடியும் வரை காத்திருக்க வேண்டும், இல்லையென்றால் அன்றைய கூலியில் ஒரு பங்கை வாடகைக் காருக்குக் கொடுக்க வேண்டும். நகர மையத்தைத் தொடாத குறுக்கு வழித்தடங்களும் வலுப்பெற்றன.

2022ல் இரண்டு விரைவு பஸ் தடங்களுக்கு வழி தேர்ந்தெடுத்தார்கள். ஒன்று ஹாமில்டன் அவென்யூ, இன்னொன்று ரெடிங் சாலை. 2024ல் நகர மன்றம் நில விதிகளையும் திருத்தியது. முக்கியச் சாலைகளையும் அக்கம்பக்கத்துக் கடைவீதிகளையும் ஒட்டி நான்கு குடித்தன வீடுகள் வரை கட்டலாம், இத்தனை கார் நிறுத்தம் கட்டாயம் என்ற விதி தளர்ந்தது. பஸ் ஓடும் சாலையில் ஆட்கள் நெருக்கமாக வாழ்ந்தால்தான் பஸ் அடிக்கடி வர முடியும். இந்த எளிய தொடர்பைச் சட்டமாக்க நூறு வருடம் பிடித்திருக்கிறது. அதற்கும் எதிர்ப்பு இருந்தது. தனி வீடுகள் கொண்ட தெருக்காரர்கள் நெரிசலைச் சொன்னார்கள். கறுப்பினப் பகுதிகளில் சிலர், புதிதாகக் கட்டுவதெல்லாம் எங்களுக்கு எட்டும் வாடகையில் இருக்குமா என்று கேட்டார்கள். இரண்டாவது கேள்விக்குச் சட்டத்தில் போதுமான பதில் இல்லை என்பதே என் கருத்து.

இடையில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சின்சினாட்டி ஒரு மாநிலங்களுக்கிடையிலான ரயில் பாதைக்குச் சொந்தக்காரராக இருந்த நகரம். 1869ல் முடிவெடுத்து, டென்னசியின் சாட்டநூகா வரை தன் செலவில் பாதை போட்டது. 2023ல் வாக்காளர்கள் சம்மதித்த பிறகு, 2024ல் அதை 160 கோடி டாலருக்கு நார்ஃபோக் சதர்ன் என்ற ரயில் நிறுவனத்துக்கு விற்றார்கள். அந்தப் பணத்தின் வருமானத்தை ஏற்கெனவே இருக்கும் சாலை, பாலம், பூங்கா போன்றவற்றைப் பழுதுபார்க்க மட்டும் செலவழிக்கலாம், புதிதாகக் கட்ட முடியாது. மேடு ஏறும் டிராமுக்கு அதிலிருந்து ஒரு டாலர்கூட வராது.

இனி நான் கவனித்துக்கொண்டிருப்பது ரெடிங் சாலையை. நகர மையத்திலிருந்து புறப்படும் அந்தச் சாலை ஆவண்டேல், பாண்ட் ஹில், ரோஸ்லான் வழியாக வடக்கே போகிறது. கென்யன்-பாரிலிருந்து வெளியேறியவர்களின் பேரப்பிள்ளைகள் பலர் அந்த வழியில்தான் குடியிருக்கிறார்கள். இந்தமுறை யாரையும் இடம்பெயர்க்காமல், அவர்கள் இருக்கும் இடத்துக்கே ஒரு திட்டம் வருகிறது. விரைவு பஸ் என்ற பெயருக்குத் தகுந்ததாக அது இருக்க வேண்டுமானால் சாலையில் தனிப் பாதை வேண்டும். தனிப் பாதை வேண்டுமானால், எங்கோ ஒரு வரிசை கார் நிறுத்தம் போக வேண்டும். ஒவ்வொரு கடைக்காரரும் தன் கடை முன்னால் மட்டும் வேண்டாம் என்பார். அவர் கவலை பொய்யில்லை. ஆனால் அப்படி நூறு மீட்டர் நூறு மீட்டராக விட்டுக்கொடுத்துக்கொண்டே போனால், கடைசியில் மிஞ்சுவது புது வண்ணம் பூசிய பழைய பஸ். வால்நட் தெருவில் வேனுக்குப் பின்னால் மணி அடித்துக்கொண்டிருந்த டிராம் போலவே அதுவும் நிற்கும். வரைபடத்தில் தனிப் பாதைக்கென்று தீட்டியிருக்கும் கோடு, தெருவில் பெயிண்டாக இறங்கும்போது எத்தனை இடத்தில் அறுபடுகிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.